முழுகாமல் இருந்த நாட்கள்

இதனால் திருகோணமலை மாவட்டப் பொதுமக்களுக்கும், கடல்கடந்து வாழும் உறவினருக்கும், உட்துறைமுகத்தில் நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களுக்கும் அறியத்தரப்படுவது யாதெனில்: பாலையூற்றைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கூட்டுறவுப் பரிசோதகரும், அகில இலங்கைச் சமாதான நீதவானும், பிள்ளையார் கோயில் பரிபாலன சபைத் தலைவரும், முதியோர் சங்கப் போசகரும், மரண உதவிச் சங்கத்தின் முன்னாள் செயலாளருமாகிய திருவாளர் பாக்கியரத்தினம் அவர்களின் ஒரே மருமகள் முழுகாமல் இருக்கிறார்.

இந்த அறிவித்தல் ஒரு வெள்ளிக்கிழமை, பூசை முடிந்து சுண்டல் கொடுக்கப்போகிற இடைவெளியில், கோயில் ஒலிபெருக்கியில் வெளியானது. பாக்கியரத்தினம் அதை வாயால் மட்டும் சொல்லவில்லை. தலைப்பு அச்சிட்ட கடதாசியில் எழுதி, அடியில் கையெழுத்து வைத்து, முத்திரையும் குத்திக்கொண்டு வந்திருந்தார். பட்டங்களை வாசித்து முடிக்கவே சுண்டல் ஆறிவிட்டது. கடைசி இரண்டு சொற்கள் வந்ததும் பெண்கள் பக்கத்துத் தலைகள் எல்லாம் தூணோடு நின்ற கஜந்தியை நோக்கித் திரும்பின. முகத்தை அல்ல, வயிற்றைத்தான் பார்த்தார்கள். வயிறு இருந்தது. எழுபத்தெட்டுக் கிலோ உடம்பில் அது இல்லாமல் எங்கே போகும்?

கஜந்தி சுண்டலை வாங்கினாள். இரண்டு கடலை நிலத்தில் விழுந்தன.

"குனியாதையும் பிள்ளை, குனியாதையும்!" என்று மூன்று பேர் பாய்ந்தார்கள்.

கலியாணம் முடித்த இந்த ஐந்து வருடத்தில் அவள் கீழே போட்ட எதையும் வேறு யாரும் எடுத்துக் கொடுத்ததில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று யாரும் பச்சையாகச் சொல்வதில்லை. முழுகாமல் இருக்கிறாள் என்போம். அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. மாதம் ஒருமுறை மூன்று நாள் துடக்கு. நாலாம் நாள் தலைமுழுகினால் துடக்குக் கழியும். முழுகவில்லையென்றால் துடக்கு வரவில்லை, துடக்கு வரவில்லையென்றால் பிள்ளை வந்துவிட்டது. இந்தக் கணக்கைப் போட்டவர்கள் சூலகத்து நீர்க்கட்டிகளைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் அல்ல. பிள்ளையும் இல்லாமல் துடக்கும் இல்லாமல் ஒருத்தி மாதக்கணக்கில் நடுவில் நிற்கலாம் என்பதற்கு அவர்களிடம் சொல் இல்லை.

கஜந்தி உண்மையிலேயே முழுகவில்லைதான். அன்றைக்குத் தொண்ணூற்றேழாவது நாள். தினமும் குளித்தாள், அது வேறு விஷயம்.

சங்கதி தொடங்கியது அதற்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை, குசினியில். மாமி பூரணி கணவாய் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாக மருமகள் ஒரு நாளும் விடாமல் சாமியறையில் விளக்கு வைப்பதை மாமி கவனித்து வைத்திருந்தாள்.

"பிள்ளை, நீர் கடைசியா எப்ப முழுகினீர்?"

"தைப்பூசத்துக்கு முதல் கிழமை, மாமி. மூண்டு மாசமா முழுகேல்ல. டொக்டர் சொன்னவ, இது வந்து—"

வசனத்தின் பின்பாதி அங்கேயே நின்றுவிட்டது. மாமா பாக்கியரத்தினத்துக்கு ஒரு காது மந்தம். நல்ல காது அன்றைக்குக் குசினிப் பக்கம் இருந்தது. கதிரையில் இருந்து பேப்பரில் மரண அறிவித்தல் வாசித்துக்கொண்டிருந்தவர் எழும்பினார். வேட்டியை இறுக்கினார். பிள்ளையார் படத்துக்கு முன்னால் போய் நின்று, "எனக்குத் தெரியும். எனக்கு முதலே தெரியும்" என்றார், பிள்ளையாருக்குத்தான் கடைசியாகத் தெரியவந்ததுபோல. பிறகு தொலைபேசியை எடுத்தார். லண்டனுக்கும் டொரொன்டோவுக்கும் செய்தி போய்ச் சேர்ந்தபோது கஜந்தி இன்னும் கணவாய்ச் சட்டியோடுதான் நின்றாள்.

அப்போதே மறித்திருக்கலாம். மறிக்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் மாமி கணவாய் மை பூசிய விரல்களை விலக்கிப் பிடித்துக்கொண்டு, புறங்கையால் அவள் கன்னத்தைத் தொட்டாள். "என்ர அம்மா" என்றாள். "சோறு காணும்தானே பிள்ளைக்கு?" என்று அவள் உடம்பைப் பார்த்தபடி ஐந்து வருடம் கேட்ட வாய் அது.

அதுமட்டுமல்ல. கஜந்திக்குள்ளும் ஒரு "ஒருவேளை" இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு பெண்நோயியல் டொக்டர் ஸ்கேன் பண்ணி, படத்தில் முத்துமாலைபோலக் கிடந்த நீர்க்கட்டிகளைக் காட்டி, பி.சி.ஓ.எஸ். என்றா. மாதம் பிந்துவது, உடம்பு ஊதுவது, நாடியில் மயிர் முளைப்பது, எல்லாம் இதன் பிள்ளைகள் என்றா. அதற்கு மட்டும் பிள்ளைகள் தாராளம். "நாலைஞ்சு கிலோ குறைச்சுப் பாருங்கோ. சிலருக்கு அதிலேயே மாதம் ஒழுங்காகும். தானாகவே தங்கவும் செய்யும்." உணவு அட்டவணை ஒன்றும் கொடுத்தா. ப்ரொக்கோலி, சால்மன், ஒலிவ் எண்ணெய். சந்தையில் மரக்கறி விற்கும் மஹ்ரூபிடம் கஜந்தி ப்ரொக்கோலி கேட்டபோது, "அது எந்த ஊர்ப் பொம்பளைட பேரு?" என்று கேட்டார்.

ஆகவே தன் வழியில் செய்தாள். குரக்கன் பிட்டு, கீரை, சூடை மீன், பாதிச் சோறு. வேலைக்குப் போகும்போது ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில் பஸ்ஸை விட்டிறங்கி ஏற்றத்தை நடந்தே ஏறினாள். வேலை முடிந்து உட்துறைமுக வீதியில் முக்கால் மணித்தியாலம் வேகநடை. வீதியோரத்தில் பொலித்தீன் பை மென்றுகொண்டு நிற்கும் மான்கள் அவளை நிமிர்ந்து பார்க்கும். மெலிந்த பிராணிகள். ஆறு மாதத்தில் எண்பத்திரண்டு எழுபத்தெட்டானது. நாலு கிலோ. டொக்டர் சொன்ன அதே நாலு கிலோ. அதனால்தான் அந்த ஒருவேளை.

திங்கட்கிழமை கந்தோரில் பக்கத்து மேசை ஷிஃபானாவிடம் சொன்னாள். கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து வருகிறவள், கஜந்தியின் நாட்களை கஜந்தியைவிடச் சரியாக நினைவு வைத்திருப்பவள்.

"மைக்லயா சொன்னாரு?" என்றாள் ஷிஃபானா. "எங்கட பள்ளியிலயும் மைக் இரிக்கி புள்ள, இப்படியொரு பயான் நான் கேட்டதில்ல. இரி, வாறன்."

பாமசியிலிருந்து சின்னப் பெட்டியொன்றோடு வந்தாள். கந்தோர் மலசலகூடத்தில் கஜந்தி அதிலிருந்த பரிசோதனைத் துண்டை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கோடு. சரித்துப் பார்த்தாள். ஒரு கோடு.

"ரெண்டாவது கோடு வெக்கப்பட்டுக்கிட்டு நிக்குதெண்டு பாக்கியா?" என்று கதவுக்கு வெளியிலிருந்து ஷிஃபானா கேட்டாள். கஜந்தி வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்த ஷிஃபானா அதற்குப் பிறகு அன்றைக்குப் பகிடி விடவில்லை.

ஒரு கிழமை விட்டு மறுபடி பார்க்கச் சொன்னா டொக்டர். மறுபடியும் ஒரு கோடு. "சரி. இந்தக் குளிசையைப் பத்து நாள் போடுங்கோ. முடிச்சு ஒரு கிழமைக்குள்ள மாதம் வரும். மூண்டு மாசத்துக்கு மேல விடக்கூடாது கஜந்தி. கருப்பை உள்ளுக்குத் தடிச்சுக்கொண்டு போகும். பேந்து வேற பெரிய வருத்தத்துக்கு வழி. நடையை மட்டும் விட்டிராதேங்கோ."

நடையா? இங்கேதான் திருவாளர் பாக்கியரத்தினத்தின் நிருவாகத் திறமை வருகிறது.

அறிவித்தலுக்கு அடுத்த நாளே வீட்டில் புதிய சட்டங்கள் அமுலுக்கு வந்திருந்தன. பிள்ளைத்தாச்சி நடக்கக்கூடாது. நடைச் சப்பாத்தை மாமா தன் அலுமாரிக்குள், சமாதான நீதவான் நியமனக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார். கந்தோருக்குப் போக வரப் பக்கீரின் ஓட்டோ. "ஏத்தத்தில மெதுவா, குழியில அதிலும் மெதுவா" என்பது மாமாவின் உத்தரவு. பக்கீர் அதை எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடித்ததில் சைக்கிள்காரர்கள் அவரை முந்திப் போனார்கள். காலையில் நல்லெண்ணெயில் வாட்டிய முட்டை, பத்து மணிக்கு உழுத்தங்களி, மத்தியானம் இரண்டு கோப்பைச் சோறு, பின்னேரம் மாம்பழமும் பாலும். "ரெண்டு உயிருக்குச் சாப்பிட வேணும்" என்று மாமி தலைமாட்டில் நின்றாள். ஒரு உயிருக்கே அதிகம் என்று ஆறு மாதம் அளந்து சாப்பிட்டவள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

பி.சி.ஓ.எஸ்.ஸுக்கென்று டொக்டர் முதலே கொடுத்திருந்த வேறு குளிசை கைப்பையில் மாமியிடம் அகப்பட்டது.

"இது சீனி வருத்தக் குளிசையெல்லே? சித்தப்பாவும் இதுதான் போட்டவர். பிள்ளைக்குக் கூடாது!" மாமி அவ்வளவையும் கிணற்றடி வாழைக்குள் எறிந்தாள். அந்த வாழைக்கு இனிமேல் சீனி வருத்தம் வராது.

கணவன் இராகுலனுக்கு எல்லாம் தெரியும். ஸ்கேன் படம் தெரியும், ஒற்றைக் கோடு தெரியும். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன். "கொஞ்சம் பொறுமப்பா, அப்பாட்ட நான் சொல்றன்" என்பான். சொல்லிவிட்டு ஓவர்டைம் எடுத்துக்கொண்டு போய் இரும்பேணியில் ஏறிவிடுவான். நாற்பது மீற்றர் உயரத்தில் ஒருவனுக்கு அப்பாவும் இல்லை, பெண்சாதியும் இல்லை.

கடைசியில் கஜந்தியே மாமாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"மாமா, ஒரு கதை சொல்ல வேணும். இது பிள்ளை இல்லை. எனக்கு பி.சி.ஓ.எஸ்."

மாமா நல்ல காதைத் திருப்பினார். "எம்.பி.சி.எஸ்.?"

"பி.சி.ஓ.எஸ். மாமா."

"பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம். ஏன் தெரியாது? முப்பத்திரண்டு வருசம் பரிசோதிச்சனான். நட்டத்தில போன எத்தினை சங்கத்தை நிமித்தினனான் எண்டு உமக்குத் தெரியுமோ?" அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் குச்சவெளிச் சங்கத்தில் அரிசி மூட்டை குறைந்த கதை ஓடியது. முடிவில் அவள் தலையில் கை வைத்து, "எல்லாம் என்ர பேரனுக்குச் சொல்லிக்குடுக்க வேணும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதுதான் கொடுமை. ஆள் முழுப் போலியென்றால் சத்தம் போட்டிருப்பாள்.

அடுத்ததாக நோட்டீஸ் அச்சாகி வந்தது. "நன்றி நவிலல் பெருவிழா". நூற்றெட்டு மோதகம், விசேட அபிஷேகம், மருமகளின் கையால் முதல் விளக்கு, தலைவர் உரை, தலைவரின் நன்றியுரை. திகதியைப் பார்த்துவிட்டு கஜந்தி விரல் மடித்து எண்ணினாள். பத்தாவது குளிசை திங்கட்கிழமை முடிகிறது. விழா வெள்ளிக்கிழமை.

"ரெண்டு கிழமைக்குத் தள்ளிப் போடன் குளிசைய" என்றாள் ஷிஃபானா. "மறுகா பாத்துக்கலாம்."

"தள்ளினா அவர் வளைகாப்புக்கு நோட்டீஸ் அடிப்பார்."

அன்றைக்குப் பாமசித் தராசில் ஏறி நின்றாள். எண்பத்திரண்டு. ஆறு மாதம் ஏற்றம் ஏறிக் குறைத்த நாலு கிலோவும் நாலு கிழமையில் ஓட்டோவில் ஏறித் திரும்பி வந்திருந்தது. மலசலகூடத்துக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவி, அன்றைய குளிசையைப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது வந்தது.

வரும் என்று தெரியும். வரவேண்டும் என்றுதான் பத்து நாள் விழுங்கினாள். இரண்டு தடவை ஒற்றைக் கோட்டைப் பார்த்தவள். இருந்தும் அந்தச் சிவப்பைக் கண்டதும் வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு குந்திவிட்டாள். இல்லாத ஒன்றிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி. அந்த ஒருவேளை அவ்வளவு நாளும் அங்கேயே இருந்திருக்கிறது. அவளுக்கே சொல்லாமல்.

மாமி பட்டுச்சேலையோடு மாலை கட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமி, நான் கோயிலுக்கு வர ஏலாது. துடக்கு."

"விடியவே விளையாடாதையும்."

"விளையாடேல்ல மாமி."

மாமி நிமிர்ந்து பார்த்தாள். மருமகள் சாமியறை வாசலுக்கு இரண்டு முழம் தள்ளி நின்றாள். அந்த இரண்டு முழத்தை மாமிக்கு வாசிக்கத் தெரியும். நூலைக் கீழே வைத்தாள். தொலைபேசியை எடுத்தாள்.

அந்த நேரம் பாக்கியரத்தினம் கோயிலில் மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தார். "ஹலோ, ஹலோ, ஒண்டு, ரெண்டு" என்று நாலு ஒலிபெருக்கியிலும் அவர் குரல் பாலையூற்று முழுக்கப் பரவியது. அதன் நடுவில் தொலைபேசி அடித்தது. சமாதான நீதவான் மைக்கை ஒரு கையில் பிடித்தபடியே மறு கையால் அதை எடுத்தார்.

"என்ன? துடக்கோ?" என்றன நாலு ஒலிபெருக்கியும். "ஆருக்குத் துடக்கு? சத்தமாச் சொல்லும்! கஜந்திக்கோ?"

பிறகு இரைச்சல். பிறகு அதுவும் இல்லை. ஒழுங்கையோரக் கிணறுகளில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றவர்கள் வாளியை அந்தரத்தில் பிடித்தபடி காத்திருந்தார்கள்.

இந்த இடத்தில் வேறொருவர் வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார். முப்பத்திரண்டு வருடம் நட்டக் கணக்கை நிமிர்த்தினவர் அப்படிப் படுப்பாரா? ஒரு நிமிடத்தில் தொண்டையைச் செருமினார்.

"அன்பார்ந்த அடியார்களே. எமது குடும்பத்தின் வாரிசு, உலகைக் காணுமுன்பே, எம்மை விட்டுப் பிரிந்துவிட்டது என்பதை ஆழ்ந்த துயருடன் அறியத்தருகிறேன். சிசுவின் பொருட்டு எமது இல்லத்தில் முப்பத்தொரு நாள் துடக்கு அனுட்டிக்கப்படும். மோதகம் வழமைபோல் வழங்கப்படும்."

பத்து மணிக்கு முற்றத்தில் கதிரை போட்டாயிற்று. ஒருபோதும் இல்லாத பிள்ளையின் சாவுக்குச் சனம் வரத் தொடங்கியது. மோதகத்தைச் சாப்பிட்ட கையோடு வந்தார்கள். மரண உதவிச் சங்கம் தேயிலையும் சீனியும் கொண்டுவந்தது. எல்லாருக்கும் ஒரே முடிவு.

"உந்த நடைதான். ஆம்பிளையள் மாதிரிச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு கடற்கரை வழிய ஓட்டம்."

"கீரை சாப்பிட்டா எங்க பிள்ளை நிக்கும்?"

"இனி ஒரு வருசத்துக்கு ஆளைக் கட்டிலை விட்டு இறக்கப்படாது, பூரணியக்கா. நல்லாச் சாப்பிடக் குடுங்கோ."

அறைக்குள் பாயில் இருந்த கஜந்தி எழுந்து வெளியே வந்தாள்.

"பிள்ளை இருக்கேல்ல" என்றாள். "செத்துப்போக அங்க ஒண்டும் இருக்கேல்ல. ரெண்டு தரம் பாத்தாச்சு. இது மாதம் வந்தது. டொக்டர் தந்த—"

குளிசை என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. சுற்றிப் பார்த்தாள். இருபது முகம். குளிசை போட்டுத்தான் வந்தது என்று சொன்னால் இந்த முற்றத்தில் அது என்னவாகக் கேட்கும் என்று தெரிந்தது. இன்னும் ஐந்து நிமிடத்தில் அவள் பிள்ளையை அழித்தவளாகிவிடுவாள். பின்பாதியை விழுங்கினாள்.

"அதிர்ச்சி" என்று மாமா சபைக்கு விளக்கினார். "அதிர்ச்சியில் மூளை இப்படித்தான் இழப்பை ஏற்க மறுக்கும்."

இராகுலன் வேலைச் சட்டையோடு வாசலில் நின்றான். கஜந்தி அவனைப் பார்த்தாள். சொல்லு. ஒரு வசனம். அவன் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அப்பான்ர போக்கில விடுமப்பா. முப்பத்தொரு நாள்தானே. அப்பாவும் சனத்துக்கு முன்னால என்ன செய்யிறது?"

முப்பத்தொரு நாள். பிள்ளை பெற்றவளுக்குரிய சரக்குக் கறி, நல்லெண்ணெய், கட்டில். பூட்டிய அலுமாரிக்குள் சப்பாத்து. எண்பத்திரண்டு எண்பத்தாறாகும். மாதம் மறுபடி நின்றுவிடும். அது நின்றதும் குசினியில் மறுபடி ஒரு கேள்வி வரும், மாமாவின் நல்ல காது இந்தப் பக்கம் திரும்பும். கஜந்தி அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்தபடி படுத்தாள். சத்தம் போட்டுப் பார்க்கலாம். அதிர்ச்சி என்பார்கள். டொக்டரைக் கூட்டிவரலாம். டொக்டருக்கும் மாமா கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றிச் சொல்லுவார். அவள் வாயால் எதைச் சொன்னாலும் பாதிதான் வெளியே போகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாமி சரக்குக் கறியோடு அறைக்குள் வந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"நாளைக்கு நாலாம் நாளெல்லே" என்றாள், மெல்ல.

"ஓம் மாமி."

"மாமா முப்பத்தொண்டு எண்டு மைக்கில சொல்லிப்போட்டார். கிணத்தடி ஒழுங்கையைப் பாத்த மாதிரி. வேலியும் இடுப்பளவுதான். நாலாம் நாள் முழுகினா, அது வெறும் மாதம் எண்டு சனத்துக்கு விளங்கும். பிள்ளையுமில்லை, சாவுமில்லை எண்டு விளங்கும். அந்த மனுசன் பேந்து கோயில் வாசலை எப்பிடி மிதிக்கும்?"

"தெரியும் மாமி."

மாமி கறிக்கோப்பையை மூடிவிட்டுக் குசினிக்குப் போனாள். முழுகு என்றும் சொல்லவில்லை. முழுகாதே என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறரைக்குப் பாக்கியரத்தினம் முன்விறாந்தைக் கதிரையில் இருந்து, தலைப்பு அச்சிட்ட கடதாசியில், அனுதாபம் தெரிவித்த உள்நாட்டு வெளிநாட்டு உறவினருக்கும், சங்கங்களுக்கும், மலர்வளையம் அனுப்ப எண்ணியும் அனுப்ப முடியாமற்போன அன்பர்களுக்கும் நன்றி நவிலல் எழுதிக்கொண்டிருந்தார். முத்திரையை மையில் ஒற்றிவிட்டுக் கையை உயர்த்தினார். ஒழுங்கையில் கோயிலுக்குப் போகிற சனம் வேலியோரம் ஒவ்வொருவராக நின்றது. கிணற்றடியில் வாளி விழுந்த சத்தம் கேட்டது.

நாலாம் நாள் காலையில் கஜந்தி முழுகினாள்.